கப்பல் டிப்ஸ்: 647 டாலரும் அம்மாவின் மொய்க் கவரும்

கப்பல் ஏறிய மூன்றாம் நாள் காலை, அலாஸ்காவின் ஜூனோ துறைமுகம் வருவதற்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. காபி குடித்துக்கொண்டே கப்பல் கம்பெனியின் செயலியில் எங்கள் கணக்கைத் திறந்தேன். நாங்கள் எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆனால் 185 டாலர் ஏறியிருந்தது. கிராஜுட்டி, அதாவது ஊழியர்களுக்கான டிப்ஸ் என்ற பெயரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் 50 சென்ட். நான், கணவர், எட்டு வயது மகள், மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா என ஐந்து பேர். ஒரு ராத்திரிக்கு 92.50. ஏழு ராத்திரிக்கு 647.50.

சியாட்டிலில் ஏறி ஜூனோ, ஸ்காக்வே, பனியாறு எல்லாம் பார்த்துவிட்டு விக்டோரியா வழியாகத் திரும்பும் அலாஸ்கா பயணம். ஜூலை 2025. அப்பா அம்மா அமெரிக்கா வருவது இதுதான் கடைசித் தடவையாக இருக்கலாம் என்று நினைத்து ஒரு வருஷம் சேர்த்து வைத்த பணத்தில் டிக்கெட் போட்டிருந்தோம். "சாப்பாடு, ரூம் எல்லாத்துக்கும் கட்டியாச்சு, உள்ள போனா பர்ஸையே தொட வேண்டாம்" என்று அப்பாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். முன்பதிவின்போது கிராஜுட்டியை இப்போதே கட்டுகிறீர்களா, பிறகு கட்டுகிறீர்களா என்று ஒரு கட்டம் வந்தது. பிறகு என்று தட்டிவிட்டு நகர்ந்தவளும் நான்தான். பிறகு என்றால் விருப்பப்பட்டால் கொடுப்பது என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் தினமும் அது தானாகவே கணக்கில் ஏறும்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா அம்மா கேபினில் இரண்டு தனிக் கட்டில் கேட்டிருந்தோம். இரண்டு ராத்திரியும் ஒட்டிப் போட்ட ஒரே கட்டில்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, நடுவில் எழுந்தால் அம்மாவின் தூக்கமும் கெடும். சொன்ன வேலை நடக்கவில்லை, இதற்கு டிப்ஸ் வேறா என்று கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் போய் வரிசையில் நின்றேன்.

கவுண்டரில் இருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. தொகையைக் குறைக்கலாம், முழுவதும் எடுக்கலாம், கூட்டவும் செய்யலாம், கணக்கு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் என்றார். "கட்டில் போடாதவருடைய பங்கை மட்டும் எடுங்கள்" என்றேன். அப்படி ஒருவர் பங்கைத் தனியாக எடுக்க வழியில்லை என்றார். அந்தப் பணம் கேபின் பார்ப்பவர், உணவு மேசையில் பரிமாறுபவர்கள், அடுக்களை ஆட்கள், நம் கண்ணில் படாமல் உள்ளே வேலை செய்யும் ஹோட்டல் பிரிவினர் என்று எல்லாருக்கும் சேர்ந்து பிரிகிறது. நான் எடுத்தால் எல்லாரிடமிருந்தும் எடுத்த மாதிரி.

அப்போதுதான் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டிலுக்கு என்ன வழி கேட்டியா?"

"அதைத்தான்ப்பா சொல்லிட்டு இருக்கேன்."

"நீ காசைப் பத்தில்ல சொல்லிட்டு இருக்க? கட்டிலைச் சொல்லு முதல்ல."

சொன்னேன். முன்பதிவில் நாங்கள் எழுதியிருந்த குறிப்பு கேபின்காரர் கைக்குப் போகவே இல்லை. அந்தப் பெண் ஃபோன் செய்தார், ஒரு மணி நேரத்தில் கட்டில் பிரிந்தது. கேபின் பார்த்துக்கொண்ட இந்தோனேசியர் எங்கள் அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அன்று நான் தொகையை எடுத்திருந்தால் அவர் செய்யாத குற்றத்துக்கு அவருடைய ஒரு வாரக் கூலியில் கை வைத்திருப்பேன். குறை எதுவானாலும் முதல் நாளே, குறையாகவே சொல்லிவிடுங்கள். சொன்னால் சரிசெய்கிறார்கள். கடைசி நாள் வரை மனதில் வைத்திருந்து டிப்ஸில் கழிப்பதால் நமக்கும் கட்டில் பிரியாது, குறை யாரால் வந்தது என்று அவர்களுக்கும் தெரியாது.

அப்பா மதுரை மேல மாசி வீதியில் ஒரு ஹோட்டலில் நான்கு வருஷம் சப்ளையராக இருந்தவர். எழுபதுகளின் தொடக்கம், அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அன்று மதியம் சாப்பிடும்போது அந்தக் கதையை எடுத்தார். அந்த ஹோட்டலில் டிப்ஸை யாரும் சட்டைப்பையில் போடக் கூடாதாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ராத்திரி கடை எடுத்து வைத்ததும் அதைக் கவிழ்த்து எண்ணுவார்கள். சப்ளையருக்கு இவ்வளவு, மேசை துடைக்கும் கிளீனர் பையனுக்கு இவ்வளவு, மாவாட்டுகிறவருக்கு இவ்வளவு.

"மாவாட்டுற அண்ணனை ஒரு கஸ்டமரும் பார்த்தது கிடையாது. இட்லி பஞ்சு மாதிரி இருந்தா எனக்குத்தான நாலணா வப்பாங்க? அது அவர் கை இல்லையா? அந்த பாட்டில் இல்லேன்னா அவருக்கு யாரு குடுப்பா?"

கப்பலின் 18.50 எனக்குப் புரிந்தது அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலால்தான்.

இதன் பின்னணியைப் பிறகு தேடிப் படித்தேன். எங்கள் கப்பலின் பின்பக்கம் பெரிய எழுத்தில் நசாவ் என்று இருந்தது. பஹாமாஸ் தலைநகர். அமெரிக்கத் துறைமுகங்களில் பார்க்கும் பெரிய பயணக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா என்று வெளிநாட்டில் பதிவானவை. 1886-ல் வந்த ஒரு பழைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, சுற்றிவந்து அங்கேயே இறக்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். அலாஸ்கா போகிற கப்பல் கடைசி ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது இதனால்தான். சியாட்டில் நகரத்தில் 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20.76 டாலர். டிப்ஸை அந்தக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. அதே சியாட்டில் துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குள் நமக்குக் கட்டில் விரிப்பவருக்கு அந்தக் கூலிச் சட்டம் கிடையாது. கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்.

கடலோடிகளுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதன்படி தேர்ந்த மாலுமி ஒருவருக்கான குறைந்தபட்ச அடிப்படை மாதச் சம்பளம் 2025-ல் 673 டாலர். வாரத்துக்கு 48 மணி நேர வேலைக்கு வைத்த அளவு அது, ஓவர்டைம் தனி. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஒரு வாரத்தில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் வேலை வாங்க இடமிருக்கிறது என்று தெரியும். டிப்ஸ் பெறும் ஆட்களுக்கு நாம் கட்டும் தினசரித் தொகை சம்பளத்தின் பெரிய பகுதி. அதை இனாம் என்று நினைத்தது என் அறியாமை. டிக்கெட் விலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை விளம்பரத்தில் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிரித்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி தன் வேலையாளுக்குத் தர வேண்டியதைத் தானே தந்துவிட்டு டிக்கெட்டில் சேர்த்துக் கேட்கட்டும். இங்கிலாந்தின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே முதல் அப்படித்தான் செய்கிறது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலை உயர்ந்த கப்பல்களிலும் டிப்ஸ் டிக்கெட்டுக்குள் அடக்கம். ஆனால் கம்பெனி மேல் உள்ள வருத்தத்தைக் கேபின்காரர் மேல் காட்டக் கூடாது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் மேசையில் பரிமாறியவர்கள் இரண்டு பேர். வெய்ட்டர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். உதவி வெய்ட்டர் நம் ஊர்த் தம்பி. சட்டையில் குத்திய பேட்ஜில் பெயரும் கீழே நாட்டின் பெயரும் இருக்கும். அப்பா அதைப் படித்துவிட்டு முதல் ராத்திரியே ஆரம்பித்தார்.

"இந்தியாவுல எந்த ஊர் தம்பி?"

"நாகர்கோவில் பக்கம் ஐயா."

அவ்வளவுதான். அம்மா அசைவம் தொட மாட்டார். வெறும் பாஸ்தாவும் ரொட்டியும் எத்தனை நாள் இறங்கும்? இரண்டாம் ராத்திரியிலிருந்து அந்தத் தம்பி அடுக்களையில் சொல்லி சோறு, பருப்பு, ஒரு காய் கொண்டுவந்தார். முதல் நாள் மாலையே அடுத்த நாளைக்கு என்ன வேண்டும் என்று ஹெட் வெய்ட்டரிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இது கப்பலில் இந்தியக் குடும்பங்கள் பலருக்கும் தெரிந்த வசதி, காசு கிடையாது. நான்காம் நாள் ஸ்காக்வேயில் மழையில் நனைந்து அம்மாவுக்குத் தொண்டை கட்டியது. அன்று ராத்திரி சூப்புக் கிண்ணத்தில் மிளகு ரசம் வந்தது. நாங்கள் கேட்கவில்லை. அம்மா இருமுவதைப் பார்த்துவிட்டுத் தம்பியே சொல்லி வைத்தாராம். வைத்துக் கொடுத்தவர் அடுக்களையில் இருக்கும் ஒரு இந்திய சமையல்காரர். ஏழு நாளும் நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாவாட்டுகிற அண்ணன் மாதிரி.

ஏப்ரலில் ஏறினாராம் தம்பி, எட்டு மாத ஒப்பந்தம். நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சின்ன அறை, ஜன்னல் கிடையாது. வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது, நடுநடுவே சில மணி நேரம்தான். டிசம்பரில் இறங்கினால் கிறிஸ்துமஸுக்கு வீடு. அவரிடம் டிப்ஸைப் பற்றிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்பாவுக்கு இல்லை. கேட்டுவிட்டார். தானியங்கித் தொகையை எடுத்துவிட்டுக் கையில் தனியாகக் கொடுத்தால் தங்களுக்கு நல்லது என்று பல பயணிகள் நினைக்கிறார்கள், அவர் முன்பு வேலை பார்த்த கப்பலில் அப்படி வந்த பணத்தைச் சொல்லி, பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது என்றார். தினசரித் தொகையை அப்படியே விட்டுவிட்டு மேலே கொடுத்தால் அது அவர்களுக்கே. "நீங்க ஒண்ணும் தரலேன்னாலும் பரவால்ல அக்கா, அதை மட்டும் எடுத்துராதீங்க" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். கவுண்டரில் நின்றது நினைவுக்கு வந்து எனக்கு முகம் சுருங்கியது.

ஜூனோவில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் ஊர் நூலகம் இருக்கிறது. மகளுக்குக் காட்டலாம் என்று ஏறினோம். அங்கே கப்பல் ஊழியர்கள் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இலவச வைஃபைக்காக. திரையில் ஒரு குழந்தை கையாட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் ஒருவர் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

இனி காசு விஷயம், ஏறுவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவை.

இந்தத் தொகை கேபினுக்கு இவ்வளவு என்றில்லை, தலைக்கு இவ்வளவு. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் வரும். அவர்களுக்கும் டிப்ஸ் முழுசாக உண்டு. எங்கள் மகளுக்கும் பெரியவர்களுக்கு உள்ள அதே 18.50 தான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு விலக்கு தரும் கம்பெனிகள் இருக்கின்றன, எல்லாரும் தருவதில்லை. 2025-ல் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் சாதாரணக் கேபினுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர். சூட் என்னும் பெரிய அறை எடுத்தால் இன்னும் கூடும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். முன்பதிவின்போதே கட்டிவிட்டால் இடையில் கட்டணம் ஏறினாலும் பழைய விலையே நிற்கும். அதைவிடப் பெரிய நன்மை, கப்பலில் தினமும் கணக்கைப் பார்த்து மனம் நோக வேண்டாம். ஊரிலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுபவர்கள் ஏஜெண்ட் தரும் கொட்டேஷனில் கிராஜுட்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் அடக்கம் என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

எங்கள் கப்பலில் மது, குளிர்பானம், ஸ்பா, தனிக்கட்டண உணவகம் எல்லாவற்றிலும் 18 சதவீதம் டிப்ஸ் முன்பே சேர்ந்துவிட்டது. என் கணவர் பாரில் ஒரு ஜின்ஜர் ஏலுக்குக் கையெழுத்துப் போட்டார். சீட்டில் 18 சதவீதம் ஒரு வரியில் இருந்தது. அதற்குக் கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு காலி இடம். பழக்கதோஷத்தில் அங்கேயும் இரண்டு டாலர் எழுதிவிட்டார். எழுதினால் தப்பில்லை, கொடுப்பது தெரிந்து கொடுப்பதாக இருக்கட்டும். ரூம் சர்வீஸுக்குக் கட்டணம் வாங்கும் கப்பல்களில் அது கொண்டுவருபவருக்குப் போவதாக எண்ணாதீர்கள். தட்டோடு வந்தவர் கையில் இரண்டு மூன்று டாலர் கொடுத்தோம்.

கப்பலுக்கு வெளியே நடப்பது எதுவும் இதில் சேராது. சியாட்டில் துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் போர்ட்டர்கள் கப்பல் ஆட்கள் இல்லை, பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர். ஜூனோவில் திமிங்கிலம் காட்டிய படகில் இறங்கும் இடத்தில் ஒரு ஜாடி இருந்தது. ஸ்காக்வேயில் வேனை மலை மேல் ஓட்டிக்கொண்டே 1898 தங்க வேட்டைக் கதையைச் சொன்ன பெண்ணுக்குப் பத்து டாலர் கொடுத்தோம், கேட்டால் குறைச்சல்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

சில்லறை! இதுதான் நாங்கள் திண்டாடிய இடம். கப்பலில் எல்லாம் அட்டையில் நடப்பதால் கையில் காசே வைத்திருக்கவில்லை. கப்பல் ஏடிஎம் தனிக்கட்டணம் பிடிக்கிறது, வருவதும் இருபது டாலர் நோட்டு. கடைசி நாள் சில்லறை மாற்ற கவுண்டரில் நீண்ட வரிசை. ஐந்து, பத்து, ஒன்று என்று வங்கியிலேயே வாங்கிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். கவரும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

கவர் விஷயத்தில் அம்மா கைகொடுத்தார். சியாட்டிலில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கென்று மதுரையிலிருந்து வாங்கிவந்த மொய்க் கவர்களில் மிச்சம் அவர் பெட்டியில் இருந்தன, மஞ்சள் குங்குமப் பிள்ளையார் படத்தோடு. எவ்வளவு வைப்பது என்று உட்கார்ந்து பேசினோம். இதற்கு விதி எதுவும் கிடையாது. எங்களுக்காக வழக்கத்துக்கு மேல் யார் மெனக்கெட்டார்களோ அவர்களுக்கு என்று வைத்துக்கொண்டோம். இரண்டு கேபினையும் ஒருவரே பார்த்ததால் அவருக்கு நூறு, மேசைக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஐம்பது ஐம்பது, சமையல்காரருக்கு இருபது. அம்மா கேட்டார், "ஒத்தைப்படையா வைக்க மாட்டியா?" ஆகவே 101, 51, 51, 21. மொத்தம் 224 டாலர். முடியாதவர்கள் இவ்வளவு கொடுக்க வேண்டியதே இல்லை. தினசரித் தொகையை விட்டுவைத்தாலே அவர்களுக்கு நியாயம் செய்தாயிற்று.

முதல் நாளே நோட்டை நீட்டினால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை, லஞ்சம் மாதிரி இருக்கிறது. கடைசி ராத்திரி கொடுங்கள், கடைசிக் காலை வேண்டாம். மறுநாள் காலை அவர்களுக்கு நிற்க நேரமிருக்காது. நாம் இறங்கிய அதே கேபினில் மதியமே அடுத்த குடும்பம் ஏறும். பெரிய பெட்டிகளை அன்று ராத்திரியே கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், கவர் அதற்குள் போய்விடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின்காரர் கவரைப் பிரிக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார். நாகர்கோவில் தம்பி மட்டும் கவரில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஒத்த ரூவா வச்சிருக்கீங்களா அம்மா?" என்று கேட்டார்.

"வைக்காம இருப்பனா? கல்யாணத்துக்குச் சொல்லி விடு, அங்கயும் வந்து வைக்கிறேன்" என்றார் அம்மா.

சமையல்காரர் கவரைத் தம்பியிடமே கொடுத்தோம். கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அப்பா அவரை நிறுத்தி, அந்த சமையல்காரர் முழுப்பெயரைக் கேட்டு, கேபினுக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெயரை எழுதிக் கொடுப்பது ஊழியர்களுக்குக் காசு அளவுக்கு உதவும் என்று தம்பி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பயணம் முடிந்து வரும் கருத்துக் கேட்பில் பயணிகள் பெயர் சொல்லிப் பாராட்டினால் அது மேலதிகாரி மேசைக்குப் போகுமாம், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் பேசுமாம். நல்ல கப்பல், நல்ல ஊழியர்கள் என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயனில்லை. பேட்ஜைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, அவர்களிடம் கேட்டுவிட்டு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. உங்களை மகிழ்வித்த ஊழியர் பெயர் என்று ஒரு கட்டம். கேபின்காரர், பிலிப்பைன்ஸ் பெண், தம்பி என்று மூன்று பெயரும், கட்டில், பரிமாறல், ரசம் என்று அவரவர் செய்ததும் எழுதினேன். அனுப்பப் போகும்போது அப்பா பக்கத்து அறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். நான்கு மடிப்பாக மடித்திருந்தார். விரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் தட்டச்சு செய்தேன்.